கட்டைவிரல் பள்ளத்தை அடைத்த அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். இங்கு நான் நலம், அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அக்காவைப் பொறுத்தவரை அதை மனதாரவும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் சாப்பாட்டு மேசையில் கால் ஆடும் நாற்காலியை ஒவ்வொரு முறையும் எனக்கே ஒதுக்குவதைப் பற்றியோ, என் முனைவர் பட்டத்தை 'அந்தப் படிப்பு' என்று சொல்வதைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. கிதாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் வீட்டுக் கூரை ஒழுகியபோது, "நனையாம வெச்சிருங்க அத்தான்" என்று சொல்லித்தான் அதை உங்களிடம் கொடுத்தேன். எலெக்ட்ரிக் கிதார் என்ற ஒன்றே உலகத்துக்குப் புதிதாக இருந்த காலத்தில், ஏதோ ஒரு பட்டறை கொஞ்சம் செய்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அதில் தப்பிப் பிழைத்த ஒன்று இது. உங்கள் சேகரிப்பாளர் நண்பர் வந்து வாயைப் பிளக்கும்வரை உங்களுக்கு அது 'மாப்ளயோட கட்டை'. பிளந்த பிறகு 'நம்ம கலெக்‌ஷன்'. அரிய பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் செய்தவர்களுக்கே அப்போது கைபழகவில்லை. கழுத்து உலக்கை மாதிரி இருந்தது. கம்பியை முறுக்கும் சாவிகள் வழுக்கும். ஒரு சுருதியில் தொடங்கிய பாட்டு வேறொரு சுருதியில் போய் முடியும். பாடிக்கொண்டே வாசித்தால் மைக்கில் உதடு பட்டு ஷாக் அடிக்கும். எங்கள் இசைக்குழுவில் நான் பாடி உச்ச ஸ்தாயியை எட்டியதெல்லாம் அப்படித்தான். நான்தான் சாவிகளை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், விரலுக்கு அடங்காமல் உயர்ந்து நின்ற கம்பிகளை இறக்கினேன், கழுத்தை உப்புத்தாள் போட்டு இழைத்தேன். இருபத்தைந்து வருடம் வாசித்ததில் கழுத்தின் பின்புறம் என் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தால் விரல் அங்கே போய் உட்காரும்.

நீங்கள் பல் மருத்துவர். பள்ளத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியவில்லை. அடைத்துவிட்டீர்கள்! அடைத்து, தேய்த்து, மெருகும் போட்டு, எங்கெங்கோ எழுதிப் பழைய சாவிகளைத் தேடி வரவழைத்து மாட்டி, கம்பிகளை ஆதியில் இருந்த உயரத்துக்கே ஏற்றிவிட்டீர்கள். அந்த உயரத்தில் துணி காயப்போடலாம், வாசிக்க முடியாது. பிறகு கண்ணாடி அலமாரி, உள்ளே ஒரு விளக்கு, பக்கத்தில் வெள்ளைக் கையுறை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அன்று உங்கள் நண்பர், "இத யாராவது வாசிச்சிருக்காங்களா டாக்டர்?" என்று கேட்டாரே, "சேச்சே, ஒருத்தர் கை பட்டதில்ல!" என்றீர்களே, அப்போது காபித் தட்டோடு உங்கள் பின்னால் நின்றவன் நான். தட்டைப் போட்டு உடைத்திருக்க வேண்டும். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "விடுடா, வாசிச்சதுன்னா மவுசு கொறஞ்சுடுமாம், அதான் ஒரு பேச்சுக்குச் சொல்றாரு" என்றாள். ஒரு பேச்சுக்கு என் இருபத்தைந்து வருடம் போயிற்று.

எங்கள் குழுவின் டிரம்மர் ஊரை விட்டு மகளிடம் போகிறார், கடைசியாக ஒருமுறை கூடுகிறோம், ஒரே ஒரு சாயங்காலத்துக்குத் தாருங்கள் என்று கேட்டேன். "வாசிச்சா போச்சு மாப்ள. உனக்கு வேற ஒண்ணு கிடைக்காமலா போகும்?" என்றீர்கள். கிடைத்தது. இரவல் கிதார், வெண்ணெய் மாதிரி வழுக்கியது. என் விரல் இடம் தெரியாமல் அலைந்தது. மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "உன் கட்டை எங்கடா? அது இல்லாம நீ யாரோ மாதிரி வாசிக்கற" என்றார். கண்ணாடிக்குள் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரிப்பேரில் இருக்கிறது என்றேன். அவர் மறுநாள் ரயிலேறிவிட்டார். இனி அந்தச் சாயங்காலம் வராது.

எனவே, அடைத்ததைச் சுரண்டி, கிதாரை இந்த வாரத்துக்குள் என் வீட்டில் சேர்க்கவும். தவறினால் அக்காவுக்குத் தம்பியாக இருப்பேன், உங்களுக்கு மைத்துனனாக இருக்கமாட்டேன். பிள்ளைகளுக்கு ஆசிகள். அக்காவுக்கு அன்பு. உங்களுக்கு, எழுதியாக வேண்டுமே என்பதற்காக, வணக்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா போன் செய்தாள். மத்தியானம் நீங்கள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கிதாரை வெளியே எடுத்து வாசித்துப் பார்த்தீர்களாம். விரல் நுனி கிழிந்து, வந்த நோயாளிகளையெல்லாம் திருப்பி அனுப்பினீர்களாம். "இந்தச் சனியன உன் தம்பி எப்படிடீ இத்தன வருஷம் வாசிச்சான்!" என்று அவளிடம் மலைத்துப்போய்க் கேட்டீர்களாம். இதை அன்று அந்த நண்பர் முன்னால் கேட்டிருந்தால் எனக்கு ஒரு தபால்தலை மிச்சம்.

கிதாரை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அரத்தோடு நானே வருகிறேன். முதலில் கம்பியை இறக்குவோம். பள்ளத்தை நீங்கள் தொடாதீர்கள். இந்த முறை யார் விரலுக்கு என்று பேசி முடிவு செய்யலாம். அதுவரை விரலை உப்புத் தண்ணீரில் வையுங்கள்.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாயிற்றே, இருக்கட்டும். ஆனால் கையெழுத்துப் போட்டால் இதையும் விளக்குப் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்துவிடுவீர்கள். யார் எழுதியது என்று தெரியாத காகிதத்துக்கு மவுசு இல்லை என்று உங்கள் நண்பரே சொல்லியிருக்கிறார். ஆகையால் கையெழுத்திடாமலே தபாலில் சேர்க்கிறேன்.