ஊர்சொல்லி எழுதிய இரண்டாவது அறிக்கை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸே வாயைத் திறக்கப் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். பல் டாக்டர்கூட அந்த அளவுக்கு யாரையும் பயமுறுத்தியதில்லை. எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீஸின் மூலை மேசைக்காரரான அவருக்கு ஊர்சொல்லி என்று பெயர் வைத்திருந்தோம்.

நாலு வாக்கியம் பேசினால் போதும். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், வேலை பார்த்த ஊர் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிடுவார். சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்க வந்தவரிடம், "தம்பி ராமநாதபுரம் பக்கம். ஆனா ரெண்டு வருஷம் ஜொகூர்ல இருந்திருக்கீங்க, சரியா?" என்பார். அந்தத் தம்பி இவரை இமிகிரேஷன் ஆள் என்று நினைத்து உள்ளே ஓடிவிடுவார். நான் பசியோடு உட்கார்ந்திருப்பேன்.

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று இவரும் எப்படியோ வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை பிறந்து வளர்ந்தது பெட்டாலிங் ஜெயா என்றார்கள். "பெட்டாலிங் ஜெயாவா? பேச்சு சுத்தமா செமினித் தோட்டத்துப் பேச்சுலா!" என்றார் இவர். வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்தார்கள். எட்டு வருஷம் இவரோடு வேலை பார்த்ததில் என் பின்னலில் பாதி கொட்டிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு வக்கீல், இலங்கை மன்னாரிலிருந்து தப்பி வந்த ஒருவரை அனுப்பினார். பன்னிரண்டு வருஷமாகக் கிள்ளானில் லோரி பட்டறை வேலை. அகதி மனு போட்டிருந்தார். அவர் மன்னார்க்காரர்தான் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை. பேச்சை வைத்து அறிக்கை தர வேண்டும். தவறினால் மனு தள்ளுபடி.

ஊர்சொல்லி அவரோடு அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்தார். பிறகு வழக்கம்போல அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். "இவர் மன்னார் இல்லை. பந்திங் பக்கம் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் படித்து, சீன முதலாளியிடம் வேலை பார்த்தவர்."

என் கை நின்றது.

"அண்ணே, இது உங்க கதைலா."

முறைத்தார். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டார். அந்த மனிதர் ஊர்சொல்லி இழுத்த இடத்தில் இழுத்து, எங்கள் மலேசிய 'லா'வை அவர் போட்ட இடத்தில் போட்டுப் பேசியிருந்தார். ஊர்சொல்லி அந்த அறிக்கையை அனுப்பாமல் மேசைக்குள் வைத்தார். மறுநாள் அந்த மனிதரை வரவழைத்தார்.

"ஏன்யா என்னை மாதிரியே பேசினீங்க?"

"முன்னால நிக்கிறவங்க மாதிரி பேசினா அடி விழாதுண்ணே. சின்ன வயசுலேருந்தே பழகிப்போச்சு." அதையும் எங்கள் தமிழிலேயே சொன்னார்.

"எங்கிட்டப் பேச வேணாம். ஊர்ல அக்கா இருக்காங்கன்னீங்களே, அவங்களுக்குப் போன் போடுங்க. பதிவாகும், பரவாயில்லையா?"

அவர் தலையாட்டினார். நாங்கள் இருவரும் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். மூடிய கதவுக்குள்ளிருந்து, அதே மனிதர்தான், ஆனால் வேறு யாரோ சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு கேட்டது.

அந்தப் பதிவைக் கேட்டு அவர் எழுதிய இரண்டாவது அறிக்கையின் முதல் வரி, 'என் முந்தைய முடிவு தவறு; இவர் மன்னார்க்காரர்தான்'.

"இந்த வரியை எடுத்துடவா அண்ணே? முதல் அறிக்கை இன்னும் இங்கதான் இருக்கு, யாருக்கும் தெரியாது. உங்க பேர் கெட்டுப்போகும்."

"கெடட்டும்மா. என்னை மாதிரி வேற எந்த அதிகாரியாவது அந்த ஆளுகிட்டப் பேசிப் பார்த்து, அதே தப்பைப் பண்ணிடக் கூடாது."

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு வக்கீல் போன் செய்தார். மனு ஏற்கப்பட்டுவிட்டது. அன்றே ஊர்சொல்லி அந்த மனிதரைப் பார்க்க ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனார். மாலையில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

"என்னண்ணே பேசினீங்க?"

"நான் எங்க பேசினேன்மா? அவருதான் பேசினாரு. அவரோட தமிழ்ல. எனக்குப் பாதி புரியல, நல்லா இருந்துச்சு."

எட்டு வருஷம் என் உயிரை வாங்கிய மனுஷன். அன்று சாயங்காலம் நானே கீழே இறங்கிப் போய் அவருக்கு டீ வாங்கி வந்தேன்.