கொழும்பு மரகதம்

வேலையே செய்யாத மருமகளைக்கூட ஒரு வீடு தாங்கிக்கொள்ளும். எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவளைத் தாங்குவதுதான் கஷ்டம். பாறசாலையிலிருந்து காரக்கோணத்துக்கு நான் இரண்டாம் வகையாகப் போய்ச் சேர்ந்தேன்.

நான் போன புதிதில், கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு நாத்தனார் ஷைனிக்குக் கல்யாணம். மாமியாரின் பாலக்கா மாலையைத்தான் அவள் போட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. இலைபோல நீண்ட பச்சைக் கற்கள், சுற்றிலும் பொன். மாமியின் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த அசல் மரகதம் என்ற செய்தி சம்பந்தி வீடுவரை போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா போனில் பேசும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார்.

கல்யாணத்தன்று காலையில் பார்த்தால் மாலை மங்கிக் கிடந்தது. பாறசாலையில் எங்கள் வீட்டில் பொன் மங்கினால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்கவிடுவார்கள். (வளையலை. கல் வைக்காத வெறும் வளையலை. இந்த வித்தியாசம் அன்று என் மண்டையில் ஏறவில்லை.) யாரிடமும் கேட்காமல் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மாமி அசந்துபோவார் என்ற நினைப்பில் பாட்டு வேறு.

மூடியைத் திறந்தால் கல்லெல்லாம் கழன்று அடியில் கிடக்கிறது. பிடித்திருந்த அரக்கு உருகிவிட்டது. ஐயோ, ஒரு கல்லிலும் பச்சையே இல்லை! எல்லாம் ஜன்னல் கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தன. கல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பச்சைத் தாள் கூழாகி மிதந்தது. (அசல் மரகதத்தையும் கொதிக்கவிடக் கூடாதாம், விரிசல் விட்டுவிடுமாம். எப்படிப் பார்த்தாலும் நான் கொலைகாரிதான்.)

“மாமி, மரகதத்தைக் கொன்னுட்டேன்!”

மாமி வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு அடுக்களைக் கதவைச் சாத்தினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுதேன்.

“கரையாத பிள்ளே. மரகதமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கண்ணாடியாக்கும்.”

“அப்போ கொழும்பு?”

“எனக்க அப்பன் கொழும்புல ஓட்டல்ல சோறு வடிச்சவரு. அவருக்கு வாங்க ஒத்தது இதுதான். கண்ணாடின்னு சொன்னா அப்பனுக்குக் கொறச்சல்லா? நான்தான் மரகதம்னு சொன்னேன்.” மாமி சட்டியை மறுபடியும் எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு சபையில எல்லாருக்க முன்னயும் அப்பன் நாணங்கெட்டுப் போவாரே பிள்ளே.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. முற்றத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்காமல் தொங்கியது. அதில் பச்சை ஜிகினாத் தாள்! நாற்காலி போட்டு ஏறிக் கிழித்துக்கொண்டு வந்தேன். நான் வெட்ட வெட்ட மாமி கல்லுக்குப் பின்னால் பசை தடவி ஒட்டி, கல்லைப் பழைய இடத்தில் பதித்தார். வெளியே கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்த நெறம் இப்ப எங்கயும் கிட்டாது, கேட்டியளா!”

“கிட்டாது,” என்றார் மாமி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். “கொழும்பு சரக்காக்கும்.”

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் மாமியே ஷைனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்து மாமியிடமே திரும்பி வந்த மாலையில் இன்றைக்கும் அந்த ஜிகினாத் தாள்தான். வீட்டில் யாராவது நகையைக் கழற்றினால் முதலில் என்னை அடுக்களையிலிருந்து வெளியேற்றுகிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் நட்சத்திரத்தை இறக்கும் நாளில் ஷைனி எனக்குப் போன் செய்வாள்.

“மைனி, மரகதம் பத்திரமா உண்டா? எனக்க மகளுக்கும் வேணும்லா?”

நான் பதில் சொல்வதற்குள், அந்தக் கிழிந்த நட்சத்திரத்தை மடியில் வைத்து மடித்துக்கொண்டே மாமி குரல் கொடுப்பார்.

“உண்டு, உண்டு. எனக்க அப்பன் தந்ததாக்கும்.”