வருமான வரிக்காக ஒரு இருமல்

நைனாவோட வருமான வரிக் கணக்கு போடணும். பேப்பருங்கள எடுத்துனு போயி உத்திரமேரூர்ல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கிற மஸ்தான் பாய்கிட்ட குடுக்கணும். வேலை அவ்ளோதான்.

பாய் பொரட்டிப் பாத்தாரு. “மெடிக்கல் இன்சூரன்ஸ் போட்டுகீதே, இத்த கம்பெனி கட்டுச்சா, நைனா சம்பளத்துல புடிச்சாங்களா? கம்பெனி கட்டினத நாம கழிக்க முடியாது தம்பி. கேட்டுச் சொல்லு. இன்னிக்குக் கடேசி நாளு.”

நைனா பிஸ்கட் கம்பெனில ஆப்பரேட்டர். நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் பெருநகர்ல எங்க வூட்ல தூங்கிக்கினு இருந்தாரு. எழுப்பினா பேஜாரு. ஆபீஸ்ல பையனுக்குப் பதில் சொல்ல மாட்டாங்க.

அதனால இன்னா, நைனா கொரலுதான் என்கிட்ட கீதே.

நைனா தொண்டையச் செருமாம பேச்சை ஆரம்பிக்க மாட்டாரு. நான் கம்பெனிக்குப் போன் போட்டு, தத்ரூபமா இருக்கட்டுமேன்னு நாலு இருமல் சேத்துப் போட்டேன். “மேடம், ஏயுமல பேசறேன். பையன் போனு.”

எச்.ஆர். மேடம் பொறுமையா சொன்னாங்க. பாதி கம்பெனி பங்கு, பாதி சம்பளத்துல புடிச்சது. பாய் எங்க பாதிய மட்டும் போட்டு அனுப்பிட்டாரு. நான் பரோட்டா சாப்ட்டு வூடு வந்தேன்.

சாயங்காலம் கம்பெனி வேன் வந்துச்சு. டிரைவர் நைனாவ ஏத்தல. இருமிக்கினு பிஸ்கட் பக்கம் வரக் கூடாதாம், டாக்டர் சர்டிபிகேட் வேணுமாம், மேடம் ஆர்டராம்.

நைனா இந்த வருசம் ஒரு லீவு கூட போடல. அதுக்கான போனஸ் வர்ற மாசம் இது. திரும்பி என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வைக்கே எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டேன்.

ஸ்பீக்கர்ல போட்டு, மேடம்கிட்டயே உண்மையச் சொல்லுன்னாரு. சொன்னேன்.

“தம்பி, அப்பாவ வேலைக்கு அனுப்பப் பொய் சொல்லாத.”

நைனா போனப் புடுங்கினாரு. பதட்டத்துல செரும மறந்துட்டாரு. “மேடம், நான்தான் ஏயுமல.”

“யாரு நீங்க? காலைலதான் அவர்கிட்ட பேசினேன். அவர் குரல் எனக்குத் தெரியாதா?”

நைனாவுக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. பேசறதுக்குத் தொண்டையச் செருமினாரு.

“ஆங், இதான் ஏழுமலை சார். இன்னும் சரியாகல போலிருக்கே. ரெஸ்ட் எடுங்க.”

வேன்காரன் ஆரன் அடிச்சான். நைனா போன என் கைல திணிச்சாரு.

“நீயே ஏயுமலையா பேசு. இருமாம.”