புள்ளி நானாவும் பெருநாள் பிறையும்

செய்தி வாசிக்கும் பெண்ணின் மூக்கைப் பார்த்தே ஒரு தொலைக்காட்சிக் கோபுரத்தை நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கற்பிட்டி வீதி மறுஒளிபரப்பு நிலையத்தில் இருந்தார். கொழும்பிலிருந்து வரும் படத்தைப் பிடித்துச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பும் சின்ன நிலையம் அது.

அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும். செய்தி தொடங்கியதும் மாம்புரியில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் அடிப்பார்.

"மூக்குல எத்தின புள்ளி?"

"ஏழு, நானா."

ஓடிப்போய் எதையோ திருகுவார். "இப்ப?"

"மூணு."

"போதும். மூணு புள்ளி மூக்குக்கு அழகு."

அதனால் ஊருக்கு அவர் புள்ளி நானா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் கண்டவன் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். ஒரு டிப்ளோமாத் தாளின் பலத்தில் நானாவுக்கு மேலதிகாரியாக வந்திருந்தேன். "முறைப்படி மீட்டரில பாருங்கோ நானா" என்பேன். "மீட்டர் டிவி பாக்கிறதில்லயே, சேர்" என்பார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் டிஜிட்டல் இயந்திரம் வந்தது. ஆள் தேவையில்லை, தானாக ஓடுமாம். அதன் பரீட்சை ஓட்டம் சரிவந்தால் நானா வீட்டுக்கு. அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும்.

கொழும்புப் பொறியியலாளர் அந்தப் பரீட்சைக்குக் குறித்த மாலை, நோன்பு இருபத்தொன்பது. பிறை பார்க்கும் நாள்; தெரிந்தால் மறுநாள் பெருநாள், இல்லாவிட்டால் இன்னொரு நோன்பு. முந்தின வருடம் யாரோ போனில் சொன்னதை நம்பிப் பாதி ஊர் நோன்பை விட்டு, பிறகு ஈடுசெய்து பிடித்தது. அன்றிலிருந்து பள்ளிவாசலில் கொழும்பின் பிறை அறிவிப்பை டிவியில் கண்ணால் பார்க்காமல் ஒலிபெருக்கியைத் தொடுவதில்லை. புதிய படத்தைப் பிடிக்க அவர்களுக்கும் நானாவின் தங்கச்சிக்கும் ஆளுக்கொரு பரீட்சைப் பெட்டி கொடுத்திருந்தோம்.

பழைய இயந்திரத்தை அணைத்தோம். நோன்பு திறந்த கையோடு பள்ளிவாசலிலிருந்து போன்: "படம் சதுரம் சதுரமா உடையுது!" அடுத்தது நானாவின் தங்கச்சி: "வாசிக்கிற பொண்ணு வாயத் தொறந்தபடி நிக்கிறா, நானா. மூக்கையே காணல்ல!"

பழையதை மறுபடி போட்டால் சூடேற முக்கால் மணி நேரம். அறிவிப்போ எந்த நிமிடமும் வரலாம். பொறியியலாளர் என்னைத் தனியே இழுத்தார். "இந்த ஆள் ஏதும் கைவச்சானா?"

எனக்கும் அதே சந்தேகம். வெட்கத்தை விட்டு நானாவிடமே கேட்டேன்.

"அல்லாவறிய ஒண்டும் செய்யல்ல, சேர்" என்றார். பேரீச்சம்பழக் கொட்டையைக் கையில் உருட்டினார். "செய்யாம விட்டதுதான் குத்தம்."

எங்கள் கடற்காற்று எதிலும் உப்பைப் பூசிவிடும். பழைய கம்பி மூட்டுகளை அன்றாடம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பவர், கொழும்புப் படத்தைப் பிடிக்கக் கூரையில் வைத்த புதிய டிஷ்ஷின் மூட்டுகளை மூன்று மாதமாகத் தொடவில்லை. "அதத் துடைக்கச் சொல்லி ஒத்தரும் சொல்லல்லயே."

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. "புள்ளி! நாளைக்கு நோன்பா, பெருநாளா? மாட்ட அறுக்கவா, கட்டவா?"

நானா சாரத்தை மடித்துக் கட்டினார். நாள் முழுக்க நோன்பிருந்த உடம்பு ஏணியில் ஏறியது. நான் பிடித்துக்கொண்டேன். மேலே துணி தேய்க்கும் சத்தம்.

"இப்ப கேளுங்க!"

பள்ளிவாசலைக் கேட்டேன். இல்லை. மறுபடி தேய்த்தார். போனில் ஒரே கத்தல்: "வந்திட்டு! மௌலவி பேசுறார்!"

ஒரு நிமிடத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர். நாளை பெருநாள்.

பொறியியலாளர் 'பரீட்சை வெற்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இறங்கி வந்த நானா அதை எட்டிப் பார்த்தார். "எழுத்து நல்ல வடிவா இருக்கு, மாத்தயா."

அடுத்த மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடைக்கிடை மூட்டுகளைத் துடைத்துவிட்டால் போதும், நிலையம் ஆளில்லாமல் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் இருபத்தொன்பதாம் நோன்பு வந்தால், ஞாயிறு பூசைக்குப் போகிற எனக்கும் இருப்புக் கொள்ளாது. டிவியைப் போடமாட்டேன். அவருக்குப் போன் அடித்து, "பிறை கண்டாச்சா நானா?" என்று கேட்பேன். அவர் சொன்னால்தான் எனக்குப் பெருநாள்.