சோபாவில் அப்பாவின் கண்ணீர்

மோப்பச் சாமியார் ஊருக்கு வந்து மூன்றே வாரம். அதற்குள் பல்வலிக்காரர்கள்கூட டாக்டரை விட்டுவிட்டு அவர் மூக்கை நம்பத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைவார். கண்ணை மூடுவார். இரண்டு இழுப்பு இழுப்பார். "இங்கே ஓர் ஆன்மா அழுகிறது" என்பார். ஆன்மா அழாத வீட்டுக்கு அவர் போனதே இல்லை. நாயோ பூனையோ இல்லாத வீட்டுக்கும் போனதில்லை. இந்த இரண்டாவது விஷயம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. மோப்பம் பிடிக்கத்தான் சாமியார் இருக்கிறாரே, நமக்கு எதற்கு அந்தத் தொல்லை!

மூன்றாம் மாடி வீட்டில் அழுதவர் அப்பா. இறந்து ஆறு மாதம். உயிரோடு இருந்தபோது காலில் அலமாரி விழுந்தும் அழாத மனிதர், இப்போது வாரம் தவறாமல் தன் சோபாவின் ஓரத்தில் கண்ணீர் விடுகிறாராம். எதற்கு? கணவனைப் பிரிந்து, ஒரு பெட்டியும் ஒரு கிழட்டுப் பூனையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மகளை நினைத்து. அவள் வந்த மாதம்தான் நாற்றமும் வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? அதே மாதம் பூனையும் வந்ததே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் தடவை சாமியார் வந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. திரும்பி வந்தபோது அண்ணன் கண் சிவக்க உட்கார்ந்திருந்தான்.

"என் கண்ணால பார்த்தேன்மா. திரையெல்லாம் இழுத்துவிட்டு, ஞான விளக்கைக் காட்டினாரு. சோபா ஓரத்துல அப்படியே பச்சையா மின்னுது. அப்பாவோட கண்ணீர்! தொட்டு என் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணன் அடுத்துச் சொன்னதில் அது நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றாரு. அதுக்குள்ள கண்ணீர் நிக்கலேன்னா... நீ வேற இடம் பார்த்துக்கணும். எனக்கு மட்டும் ஆசையா?"

வேற இடம் என்று அவளுக்கு ஒன்று இருந்தால் அவள் ஏன் இங்கே வருகிறாள்? அன்று அவள் சாப்பிடவில்லை. பூனை மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டது.

அண்ணி, சாமியார் கொடுத்த தீர்த்தத்தை நாள் தவறாமல் சோபா ஓரத்தில் தெளித்தாள். மூக்கைப் பிய்க்கும் காரம். தெளிக்கத் தெளிக்க நாற்றம் கூடியது. "பார்த்தியா, அப்பாவுக்குக் கோபம் ஏறுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கம்பக்கம் அத்தனையும் வந்து நிறைந்தது. எல்லாரும் கறுப்பிலும் காப்பிக்கலரிலும். வெள்ளைத் துணி உள்ளே வரக்கூடாது என்பது சாமியார் கட்டளை. அவரும் கழுத்து முதல் கால் வரை கறுப்பு அங்கிதான். பூனையைக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள். திரை மூடியது. ஊதா வெளிச்சம் பரவியது. சோபாவின் ஓரம் மின்னியது. கூட்டம் 'ஐயோ' என்றது.

அவள் கண்ணீரைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். அவளுடைய சூப்பர்வைசர் தினமும் தூக்கிக்கொண்டு வரும் அதே டார்ச். நாய், பூனையோடு வந்தவர்கள் தங்கிய அறையில், கம்பளத்தில் எங்கே அவை மூத்திரம் போயிருக்கின்றன என்று அதை அடித்துத்தான் பார்ப்பார்.

தன் வேலைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தாள்.

"வெள்ளை ஆகாது!" சாமியார் அலறினார். "ஆன்மா கோபிக்கும்!"

"எங்க அப்பா முப்பது வருஷம் வெள்ளைச் சட்டைதான் போட்டாரு, சாமி. அவருக்கு ஏன் கோபம் வருது?"

அண்ணன் அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அது... சரிதானே?"

அவள் துண்டை உதறி விரித்தாள். ஊதா வெளிச்சத்தில் அது பளீரென்று எரிந்தது.

"இன்னைக்குக் காலைல சோப்புப் போட்டுத் துவைச்ச துண்டு. இதுல அழறது யாரோட அப்பா?" கேட்டுக்கொண்டே சாமியாரின் அங்கிக் கழுத்தை விரலால் விலக்கினாள். உள்ளே வெள்ளைப் பனியன் ஜெகஜோதியாகத் தெரிந்தது. "சாமிக்குள்ளயே ஒரு கூட்டம் அழுதுகிட்டு இருக்கு போலிருக்கே."

யாரோ சிரித்துவிட்டார்கள். சாமியார் சிரிக்கவில்லை. "சோப்பு வேறே, கண்ணீர் வேறே!"

"சரி. பிரிச்சுப் பார்த்துடலாம்." சமையலறை மூலையில் ஒரு புதுக் கால்மிதியடியைப் போட்டாள். "இது கடையிலேர்ந்து நேத்து வந்தது. அப்பா பார்த்ததே இல்ல. அண்ணி, அந்தத் தீர்த்தத்தை இதுல தெளிங்க. அண்ணா, குளியலறைக் கதவைத் திற."

பூனை வெளியே வந்தது. அத்தனை பேரையும் அலட்சியமாகப் பார்த்தது. மிதியடியை முகர்ந்தது. இன்னொரு தடவை முகர்ந்தது. பிறகு, முகத்தில் ஆழ்ந்த தியானத்தோடு, குந்தியது.

"விளக்கை இங்க காட்டுங்க, சாமி."

சாமியாரின் கை அசையவில்லை. அவளே வாங்கிக் காட்டினாள். மிதியடியில் பச்சையாக, ஈரமாக, அப்பா அழுதுகொண்டிருந்தார்.

"தீர்த்தம் இல்ல, அம்மோனியா. பூனை மூத்திரத்துல வர்ற அதே வாடை. அதை மோந்தா பூனைக்கு இது தன்னோட இடம்னு தோணும், மறுபடி போகும். மறுபடி நாறும். மறுபடி சாமி வருவாரு, மறுபடி பணக் கவர் வாங்குவாரு."

அண்ணன் தன் விரல்களைப் பார்த்தான். அந்த விரல்களை எங்கே ஒத்திக்கொண்டான் என்று நினைவு வந்திருக்க வேண்டும். குழாயடிக்கு ஓடினான். பத்து நிமிடம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் முன்னைவிடச் சிவந்திருந்தது. "நீ எங்கயும் போகவேண்டாம்மா" என்றான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்த வீட்டில் ஆறு மாதத்தில் விழுந்த முதல் உண்மையான கண்ணீர் அதுதான்.

இந்தச் சந்தடியில் சாமியார் படி இறங்கிவிட்டார். விளக்கை எடுத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் எதிர்வீட்டு மாமி பயபக்தியோடு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உனக்கு இவ்வளவு சக்தி இருக்குன்னு தெரியாமப் போச்சேம்மா. எங்க வீட்டுக்கும் வந்து விளக்கு காட்டுறியா? எங்க மாமியார் அழறாங்க."

"நாய் வளர்க்கிறீங்களா, மாமி?"

"ஆமா! எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாத்தத்தை அடியோட எடுக்குற என்சைம் கிளீனர், ஒரு பழைய துணி, கொஞ்சம் மூளை. இது போதும் மாமி. முதல்ல சொன்னது கடையில கிடைக்கும். துணி வீட்டுல இருக்கும். மூளையும் உங்ககிட்ட இருக்கு, வாங்கின நாள்லேர்ந்து கவரைப் பிரிக்காம வச்சிருக்கீங்க. இன்னைக்காவது பிரிங்க."