ரோட்டைப் பார்த்த குழாய்கள்

நான்கு சுவர்களுக்குள் பேசியது அங்கேயே தங்கும் என்று நம்புகிறவர்கள், மைக் செட்டை வாடகைக்கு எடுத்துப் பார்க்காதவர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். வளரும் பிள்ளைகளுக்கு உடலின் மாற்றங்களை விளக்க, தாம்பரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வாரந்தோறும் சங்க அரங்குக்கு வர இசைந்தார். பெற்றோரை இசைய வைப்பதுதான் பெரும்பாடாயிற்று. அரிசிக்கடை முனுசாமி தம் மகளை அனுப்பினால்தான் பிற பெண்களும் வருவார்கள்.

"நாலு பேர் காதுல வுழுந்தா எம் பொண்ண எவன் சார் கட்டுவான்?"

"ஒரு சொல்லும் அரங்கைத் தாண்டாது."

"தாண்டிச்சின்னா?"

"அன்றே வகுப்பை நிறுத்திவிடுகிறேன்." (வீட்டில் உப்புக் கேட்பதும் எனக்கு இந்த நடையில்தான்.)

முனுசாமி இசைந்தார். முதல் வகுப்பன்று அரங்கின் சன்னல்களை எல்லாம் அடைத்தேன். சின்னஞ்சிறு அரங்குக்கு மைக் வேண்டியதில்லை. என் வரவேற்புரைக்கு வேண்டியிருந்தது. மலர், மகரந்தம், வண்டு என்று கால் மணி நேரம் முழங்கினேன். எதிரொலி பலமாகக் கேட்டது. அதை என் குரல்வளம் என்றே கொண்டேன்.

டாக்டரம்மா மைக்கை வாங்கினார். "சார் சொன்னது செடிக்கு. நாம நம்மளப் பத்திப் பேசுவோம்."

மாதவிலக்கு முதல் மீசை வரை உள்ளதை உள்ள பெயராலேயே சொன்னார். "புடிக்காம யார் தொட்டாலும், சொந்தக்காரங்களா இருந்தாலும், வேணாம்னு சத்தமா சொல்லணும்" என்றார்.

சாலையில் ஹார்ன் ஒலியே இல்லாதது என்னை உறுத்தியது. சன்னலைச் சற்றே திறந்தேன். விளக்குக் கம்பத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள்: ஒன்று தாம்பரத்தை நோக்கி, மற்றது வேளச்சேரியை நோக்கி. பேருந்து வந்து நின்றும் எவரும் ஏறவில்லை. கண்டக்டரே இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தின் முன்வரிசையில், கையில் கத்தரிக்காயுடன், என் மனைவி.

வெளியே ஓடினேன். மைக் செட் கண்ணன் சாவகாசமாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"இன்னா சார்? உள்ள குந்திகினு கீறவனுக்கு எதுக்குக் கொழா? எந்த ஃபங்ஷனா இருந்தாலும் ரோட்டுக்குத்தான கட்டுவோம்!"

தலைக்கு மேலே டாக்டரம்மாவின் குரல்: "பொண்ணு அழுதுகிட்டு வந்தா திட்டாதீங்கன்னு வீட்ல சொல்லுங்க. மொதல்ல கேக்க வேண்டியது…"

வயரைப் பிடுங்கினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனுசாமி வந்தார். வகுப்பு ஒழிந்தது என்று தெளிந்து, மன்னிப்புரைக்குத் தக்க சொற்களை மனத்துள் கோக்கத் தொடங்கினேன்.

"இன்னா கேக்கணும்னு அந்தம்மா சொல்ல வந்துச்சி, அதுக்குள்ள எதுக்குய்யா புடுங்கின? உன் வண்டு கதைய முழுசா கேட்டோம்ல? மாட்டு சார் வயர!"

மாட்டினேன்.

வகுப்பு நிற்கவில்லை. அடுத்த வாரம் முனுசாமி தம் மகளுடன் தாமும் உள்ளே வந்து அமர முயன்று, டாக்டரம்மாவால் வெளியேற்றப்பட்டார். குழாய்க்கடியில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். குழாய் இனி இல்லை என்றதும் அவருக்கு என்மீது வருத்தம்.

இன்றும் என் மகள் தன் பெண்ணோடு தனியே பேசக் கதவைச் சாத்துமுன், கூடத்திலிருக்கும் என்னைப் பார்த்துக் கேட்பாள்: "அப்பா, குழாய் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"வேளச்சேரி" என்பேன். என் உரைகளிலேயே சுருக்கமானது அதுதான் என்பது என் மனைவியின் கருத்து.