பாகற்காய்ப் பச்சை லாபம்

புது மாப்பிள்ளையிடம் மாமனார் வீட்டில் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான்.

என்னைக் கேட்டார்கள். அறுபதுகளின் கடைசி. நான் மெட்ராஸில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் அடக்கவிலை போடும் காஸ்டிங் கிளார்க். மாமனாருக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவை உற்பத்தி. தறிக்காரர்களிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வாங்கிக் கடைகளுக்குப் போடுவார். அந்த வருஷம் நல்ல லாபம் வந்தால் தையில் என் மச்சினி கல்யாணம். வராவிட்டால் தள்ளிப்போகும். மச்சினி என்னைக் கடவுளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். (என் மனைவி ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.)

மாமனார் கணக்கு எளிமையானது. பட்டு, ஜரிகை, சாயம், கூலி, இவ்வளவுதான் புடவையின் அடக்கவிலை. கிடங்கு வாடகை, ஆள் சம்பளமெல்லாம் அந்த வருஷத்துச் செலவு. புடவை விற்றாலும் விற்காவிட்டாலும் கழித்துவிடுவார்.

"இது தப்பு மாமா," என்றேன். "வாடகையையும் ஒவ்வொரு புடவை மேலயும் பிரிச்சுப் போடணும். நிறைய நெய்ய நெய்ய ஒரு புடவைக்கு விழற வாடகை குறையும். விக்காத புடவை தன்னோட பங்கைத் தானே சுமந்துக்கினு அலமாரியில இருக்கும். இந்த வருஷச் செலவுல வராது."

"அப்போ லாபம்?"

"ஏறும்."

"நெஜமாவா மாப்ளே! இத்தினி நாளா எனக்கு இது தெரியாம பூட்டுதே!"

நிறைய நெய்ய வேண்டுமே, அடிக்கடி சாயம் மாற்றினால் நேரம் போகுமே? அதற்கும் என்னிடம் யோசனை இருந்தது. அன்றைக்குச் சாயக் கொப்பரையில் என்ன நிறம் இருந்ததோ அதையே தொடரச் சொன்னேன். பாகற்காய்ப் பச்சை இருந்தது.

என் கணக்கில் லாபம் கிடுகிடுவென்று ஏறியது. மாமனார் நாள் குறித்து, மண்டபமும் பேசிவிட்டார். தீபாவளிக்குக் கடைக்காரர்கள் வந்தார்கள். அரக்கு கேட்டார்கள், மாம்பழ மஞ்சள் கேட்டார்கள். பச்சையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நாளில் மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, லாபம் கணக்குல இருக்குது. கையில காணமே. எங்க இருக்குது?"

நான் அலமாரியைக் காட்டினேன்.

திறந்தார். பச்சை. அடுத்ததைத் திறந்தார். அதுவும் பச்சை. கதவோரம் நின்றிருந்த மச்சினி அழ ஆரம்பித்தாள். லீவு முடிந்தது என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் மெட்ராஸுக்கு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மாமனார் கத்தவில்லை. தன் பழைய கணக்குக்கே திரும்பினார்.

"வாடகை எப்பிடியும் குடுத்தாச்சு. பட்டு, ஜரிகை, சாயம், கூலி வந்தா போதும். அதுக்கு மேல வர்றது கல்யாணத்துக்கு," என்று விலையைக் குறைத்துப் பாதியைத் தள்ளிவிட்டார். கல்யாணம் நின்றுபோகாமல் தப்பித்தது. மச்சினியும் என்னை மன்னித்தாள். மீதிப் பாதியை வாங்கத்தான் ஆளில்லை.

முகூர்த்தத்தன்று என் மாமியார், என் மனைவி, அத்தைகள், சித்திகள், தூரத்துச் சொந்தம் வரை எல்லாரும் பாகற்காய்ப் பச்சை. மண்டபமே பாகல் பந்தல் மாதிரி இருந்தது. சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார்:

"அல்லாரும் ஒரே கலர் கட்டிக்கினு இருக்கீங்களே, இது உங்க வழக்கமா?"

"இல்லம்மா," என்றார் மாமனார். "இது எங்க பெரிய மாப்ள எடுத்துக் குடுத்த லாபம்."

போன மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும் பேச்சு வந்தது. எந்தக் கடைக்குப் போகலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மனைவி எழுந்துபோய்ப் பீரோ சாவியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கடைக்கு எதுக்கும்மா போவணும்? உங்க தாத்தா லாபம் இன்னும் தீரல."